ஒப்புக்கொடுத்தல்: பெங்களூருக்கு வந்த தமிழ்க் கிறிஸ்தவருக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

கன்வென்ஷன் என்று நாங்கள் சொல்லும் பல நாள் நற்செய்திக் கூட்டத்தின் கடைசி நாள் இரவில், "உங்களை முழுவதும் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று பிரசங்கியார் சொல்லும்போது நான் ஆறு முறை எழுந்து நின்றிருக்கிறேன். நான்கு முறை ஊரில், வேலைக்காகப் பெங்களூர் வந்தபின் இரண்டு முறை இங்கே. ஒவ்வொரு முறையும் தீர்மான அட்டையில் பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் மூன்று வாரத்துக்குள் பழைய ஆளாகிவிட்டேன், இங்கே வந்தபின் அந்தப் பழைய ஆளாகவே தாசரஹள்ளி பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஏழாவது முறை எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்து, ஏறக்குறைய ஒரு வருடம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகச் செய்தேன். அதில் எனக்கு வீணான நாட்களும் பணமும் உங்களுக்கு வீணாக வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஏற்கனவே ஞானஸ்நானம் பெற்று, திருவிருந்தில் பங்கெடுத்து, ஆனாலும் "என் வாழ்க்கையை நான்தானே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்" என்ற உறுத்தலோடு இருப்பவர்களுக்கானது இது. நான் நாசரேத் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவன், பீன்யாவில் ஓர் இயந்திரப் பட்டறையில் கணக்கு எழுதுகிறவன். ஆகவே வழி நெடுகக் கணக்குப் புத்தகத்தின் வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. கொடுக்கப் போவதை எழுதி வையுங்கள்

"என்னையே தருகிறேன் ஆண்டவரே" என்பது பாடுவதற்கு நல்ல வரி. ஆனால் மறுநாள் காலையில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. எனவே ஒரு 200 பக்கக் கோடு போட்ட நோட்டு வாங்கி, பக்கத்துக்கு ஒரு பொருள் என்று எழுதுங்கள். சம்பளம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இரவு பத்து மணிக்கு மேல் கைப்பேசி, மகனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற முடிவு, அலுவலகத்தில் நமக்கு வர வேண்டிய பெயர் என்று, தொட்டுக் காட்டக்கூடியதாக ஒவ்வொன்றும் இருக்கட்டும். "ஆணவம்", "சுயம்" போன்ற சொற்களைத் தலைப்பாக எழுதாதீர்கள். அவை எவ்வளவு பெரிதோ அவ்வளவு எளிதாக நழுவிவிடும்.

என் முதல் பட்டியலில் 14 பொருட்கள் இருந்தன. அதைப் படித்துப் பார்த்த வயதான குரு ஒருவர், அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், நோட்டை மூடிவிட்டு, "இதில் உங்களுக்குக் கோபம் வருகிற மாதிரி ஒன்றுமே இல்லையே தம்பி" என்றார். அவர் சொன்ன பிறகுதான், எழுதாமல் விட்ட பொருள் எது என்று எனக்கு உறைத்தது. ஊரில் அப்பா வீட்டின் பின்புறச் சுவர். அண்ணன் அதை எடுத்துக் கட்டும்போது ஒன்றரை அடி என் பக்கம் தள்ளிக் கட்டிவிட்டான், என் பங்கில் நின்ற முருங்கை மரம் அவன் பக்கம் போய்விட்டது, அதிலிருந்து நான்கு வருடமாக அவனோடு பேச்சு இல்லை. 15-ஆம் பக்கத்தில் "சுவர்" என்ற மூன்று எழுத்தை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. உங்கள் பட்டியலிலும் அப்படி ஒன்று விடுபட்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்கும்வரை இரண்டாம் படிக்குப் போகாதீர்கள்.

இதில் இன்னொரு எச்சரிக்கை: உங்களுடையது அல்லாததைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். மனைவியின் நகை, அம்மாவின் மருந்துச் செலவு, பிள்ளைகளின் படிப்புப் பணம் ஆகியவை உங்கள் பொறுப்பில் இருக்கலாம். காணிக்கையாக்க உங்களுக்கு உரிமை இல்லை. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லி ஒதுக்கிவிட்டுக் கை கழுவியவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பது மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.

2. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

ஆவிக்குரிய காரியத்துக்குத் தாள் எதற்கு என்று நானும் நினைத்தேன். பெங்களூரில் தமிழ் ஆராதனைக்குக் குறைவே இல்லை. சிவாஜிநகர் பக்கம் போனால் ஒரே காலையில் இரண்டு மூன்று இடங்களில் தலையைக் காட்டிவிட்டு வரலாம். நான் அப்படித்தான் மூன்று வருடம் திரிந்தேன். எங்கும் உறுப்பினன் அல்லாததால், நான் வராத ஞாயிறுகளில் "ஏன் வரவில்லை" என்று கேட்க ஒருவரும் இல்லை. தன்னைக் கொடுத்தேன் என்று சொல்கிறவனை யாருமே விசாரிக்க முடியாது என்றால், அவன் எதையும் கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

ஆகவே முதலில் ஊர்ச் சபையிலிருந்து உறுப்பினர் மாற்றுக் கடிதம் வாங்குங்கள். கூடவே ஞானஸ்நானச் சான்றும் திடப்படுத்தல் சான்றும் இரண்டிரண்டு நகல். சபை உறுப்பினராகக் கட்ட வேண்டிய சங்கக் காணிக்கை பாக்கி இருந்தால் அதைக் கட்டியபிறகே கடிதம் கேளுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பேச்சிலேயே அரை நாள் போய்விடும். கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் சபை விருந்தான அசனப் பண்டிகை வாரத்திலும் போகாதீர்கள். ஐயருக்கு (எங்கள் பக்கம் சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம்) உட்கார நேரம் இருக்காது. நான் டிசம்பர் 27-ஆம் தேதி போய் நின்று, கடிதம் கைக்கு வரப் பிப்ரவரி ஆகிவிட்டது.

இனி வீட்டுத் தாள்கள்: கடைசி மூன்று மாத வங்கி அறிக்கை, கடன் விவரம், கைப்பேசியில் எந்தச் செயலிக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று காட்டும் பக்கம். உங்கள் பொக்கிஷம் எங்கேயோ அங்கே உங்கள் இருதயமும் இருக்கும் என்று ஆண்டவர் சொன்னதைச் சரிபார்க்க இவற்றைவிட நேர்மையான ஆவணம் கிடைக்காது. என் வங்கி அறிக்கையில் காணிக்கையைவிட, நள்ளிரவில் வரவழைத்த பிரியாணிக்குப் போனதே அதிகம்.

3. செலவைக் கணக்குப் பாருங்கள்

கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று கேட்டவரே இயேசுதான், லூக்கா 14-இல். கணக்குப் பார்ப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் அந்தப் பகுதியைக் காட்டுங்கள்.

நான் கணக்குப் பார்க்காமல் செய்ததைச் சொல்கிறேன். ஓர் உபவாசக் கூட்டத்தில் உணர்ச்சி மேலிட்டு அந்த மாதச் சம்பளம் முழுவதையும் காணிக்கைக் கவரில் போட்டுவிட்டேன். ஐந்தாம் தேதி வீட்டுக்காரர் வாடகை கேட்டார், நான் அக்காவிடம் கடன் கேட்டேன். அக்கா பணத்தை அனுப்பிவிட்டுச் சொன்னாள்: "நீ கொடுத்தது உன் காணிக்கை இல்லப்பா, என் காணிக்கை." அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

எவ்வளவு கொடுப்பது என்பதற்கு வேதத்தில் எல்லாருக்கும் ஒரே தொகை இல்லை. ஐசுவரியவானான தலைவனிடம் எல்லாவற்றையும் விற்கச் சொன்ன அதே ஆண்டவர், பாதி ஆஸ்தியைத் தருகிறேன், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்துகிறேன் என்ற சகேயுவின் வீட்டில், இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார். நிலத்தை விற்றுப் பணத்தில் ஒரு பங்கை மறைத்துவைத்த அனனியா விஷயத்திலும் அப்போஸ்தலன் பேதுரு, நிலம் உன்னுடையதாகத்தானே இருந்தது, விற்ற பணமும் உன் வசத்தில்தானே இருந்தது என்று கேட்கிறார். ஒரு பங்கை வைத்துக்கொண்டதைவிட, வைத்துக்கொண்டே முழுவதும் கொடுத்ததாகக் காட்டியதுதான் அங்கே குற்றம். எனவே சம்பளத்தில் ஆறு சதவீதம்தான் இன்று உங்களால் முடியும் என்றால் "ஆறு" என்று எழுதுங்கள். "எல்லாம்" என்று எழுதாதீர்கள்.

சபைக்குக் கொடுக்கும் காணிக்கைக்கு வரிவிலக்கு கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: வழிபாட்டுக்கான காணிக்கை பெரும்பாலும் 80ஜி என்று சொல்லப்படும் நன்கொடைச் சலுகைப் பிரிவில் வராது. அந்தப் பதிவு பெற்ற அறக்கட்டளைக்கும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் விலக்கு இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்தச் சலுகையே இல்லை. அதை எதிர்பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

எனக்கு ஆன நேரடிச் செலவு: நோட்டு 60 ரூபாய், ஊருக்குப் போய்வந்த பயணச் செலவு, மூன்று நாள் மௌனத் தியானத்துக்குச் சாப்பாடு தங்கல் உட்பட 2,400 ரூபாய். தினமும் காலையில் 25 நிமிடம், இரவில் பத்து நிமிடம். பணத்தைவிட அந்த 35 நிமிடம்தான் எனக்குக் கடினமாக இருந்தது.

4. நாள் குறியுங்கள்

வேலை போன வாரத்திலும், வீட்டில் சாவு விழுந்த மாதத்திலும், கன்வென்ஷன் முடிந்த இரவிலும் வாழ்க்கையை மாற்றும் பொருத்தனை (நேர்ச்சை) எதையும் செய்யாதீர்கள். இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளில் இதற்கு ஒரு விதியே வைத்திருக்கிறார்: மனம் வறண்டு இருண்டு கிடக்கும் நேரத்தில், முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றக் கூடாது. ஆறுதல் பொங்கி வழிந்தபின் அதன் சூடு மிச்சமிருக்கும் நேரத்தில் நாமாகவே போட்டுக்கொள்ளும் திட்டங்களையும் அவர் உடனே நம்பச் சொல்லவில்லை, நன்றாகச் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார். நான் ஆறு முறையும் நின்றது அந்தச் சூட்டில்தான்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து காலம் வசதியானது. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முன்தினம் வரை 46 நாட்கள், அதில் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40. ஆனால் என்னைப் போலக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு மார்ச் 31 அதற்குள்ளேயோ ஒட்டியோதான் வரும். ஆண்டு முடிவுக் கணக்கோடு தியானத்துக்குப் போனால் மௌனத்தில் ஜி.எஸ்.டி. எண்கள்தான் கேட்கும். நான் ஆகஸ்ட் மாதத்தைத் தேர்ந்தேன். மெதடிஸ்ட் சபையார் ஆண்டின் தொடக்கத்தில் உடன்படிக்கை ஆராதனை ஒன்றை நடத்துவது வழக்கம். ஒப்புக்கொடுத்தலை வருடாவருடம் சபையாகச் சேர்ந்து புதுப்பிக்கிற அந்த முறை, தனியாக அட்டை நிரப்புவதைவிடப் பல மடங்கு நல்லது. அலுவலக விடுப்பை இரண்டு மாதம் முன்பே கேட்டு வையுங்கள்.

5. மூன்று நாள் மௌனம்

இது கட்டாயம் அல்ல. ஆனால் எனக்கு இது இல்லாமல் நடந்திருக்காது. பெங்களூரிலும் சுற்றுவட்டாரத்திலும் கத்தோலிக்கத் துறவற சபைகள் நடத்தும் தியான இல்லங்கள் பல உண்டு. பிற சபையாரையும் ஏற்றுக்கொள்கிறார்கள். "ரோமன் கத்தோலிக்கர் மடத்துல சி.எஸ்.ஐ.காரனுக்கு என்ன வேலை?" என்று அக்கா கேட்டாள், திரும்பி வந்தபின் கேட்கவில்லை. பதிவு செய்யும்போது தமிழ் பேசும் வழிகாட்டி இருக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள், ஏனென்றால் பல தியானங்கள் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ மலையாளத்திலோ நடக்கும், உள்ளத்தில் இருப்பதை மொழிபெயர்த்துச் சொல்லத் தொடங்கினால் பாதி சேதாரமாகிவிடும். ஆதார் நகல், போர்வை, செருப்பு, வேதாகமம், அந்த நோட்டு, தினமும் சாப்பிடும் மாத்திரை ஆகியவை போதும்.

எனக்கு வழிகாட்டியவர் இயேசு சபைக் குரு, எழுபதைத் தாண்டியவர், நோட்டை மூடியவரும் இவர்தான். கைப்பேசியை ஒரு துணிப்பையில் வாங்கிக் கட்டி, என் பெயர் எழுதிய துண்டுச் சீட்டைச் செருகி, அலமாரியில் வைத்துப் பூட்டினார். "முதல் நாள் என்ன ஜெபிக்க வேண்டும் ஃபாதர்?" என்றேன். "தூங்குங்கள். களைப்பாக இருக்கிறவன் எதைக் கொடுத்தாலும் அது அலுப்பில் கொடுத்ததாகத்தான் இருக்கும்" என்றார். பதினோரு மணி நேரம் தூங்கினேன்.

6. ஜெபத்தைச் சொல்லும் முறை

இஞ்ஞாசியாரின் பயிற்சிகளில் புகழ்பெற்ற ஒப்புக்கொடுத்தல் ஜெபம் ஒன்று உண்டு. என் சுதந்திரம், என் நினைவு, என் அறிவு, என் சித்தம் அனைத்தையும் ஏற்றுக்கொள்ளும் என்று அது ஆண்டவரிடம் வேண்டும். நான் கவனிக்காதிருந்த விஷயம், அந்த ஜெபம் சுமார் 30 நாள் பயிற்சியின் இறுதியில் வருகிறது என்பது. பாவத்தைப் பார்த்து, கிறிஸ்துவின் வாழ்வையும் பாடுகளையும் உயிர்ப்பையும் நாள் நாளாகத் தியானித்து, தேவன் தனக்கு என்னவெல்லாம் கொடுத்தார் என்று எண்ணி முடித்த மனிதனிடம்தான் அது கொடுக்கப்படுகிறது. நானோ அதற்கு ஒப்பானதை முதல் இரவிலேயே சொல்லிவிட்டு, ஏன் ஒட்டவில்லை என்று குழம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு பக்கத்துக்கு ஒரு ஜெபம் என்று, சொந்த வார்த்தையில், இரண்டு வரிக்கு மிகாமல் எழுதுங்கள். அடியில் தேதி போடுங்கள். "இனி ஒருபோதும்" என்ற சொல்லைத் தவிர்த்து "இன்று" என்று எழுதுங்கள். சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் லூக்கா எழுதியிருக்கிறார். கண்ணீர் வரவில்லையே, சரீரத்தில் ஒன்றும் உணரவில்லையே என்று பதற வேண்டாம். கெத்செமனேயில் ஆண்டவரே அதே வார்த்தைகளை மூன்று தரம் சொல்லி ஜெபித்தார், பாத்திரம் நீங்கவில்லை. விருப்பம் இல்லாவிட்டால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். என் 15-ஆம் பக்கத்தின் முதல் ஜெபம்: "சுவரை விட எனக்கு மனசு இல்லை. மனசு தாரும்."

7. முதல் 40 நாட்கள்

ஒவ்வொரு பக்கத்துக்கும் கையால் செய்யக்கூடிய ஒரு சிறு செயல் இருக்க வேண்டும். இரவு பத்து மணிக்குக் கைப்பேசியைச் சமையலறை மேடையில், அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுக்கைக்குப் போனேன். சம்பளம் வந்த அன்றே சபையின் பங்கும் அம்மாவுக்கு அனுப்புவதும் தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்தேன். இரவுப் பத்து நிமிடத்தில் ஐந்து காரியம்: நன்றி சொல்வது, வெளிச்சம் கேட்பது, நாளைத் திருப்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு ஒன்றைத் தீர்மானிப்பது. வீட்டில் இடமில்லாததால் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி அருகே இதைச் செய்தேன்.

சுவருக்கான செயல் 23-ஆம் நாள் நடந்தது. அண்ணனை அழைத்து, "சுவர் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், நான் இனி அதைப் பற்றிக் கேட்க மாட்டேன்" என்றேன். அண்ணன் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "யாருல உன்னைப் பேசச் சொன்னது? வக்கீலா?" என்று கேட்டான். நீங்கள் விட்டுக்கொடுத்தவுடன் எதிராளி உருகிவிடுவான் என்று எண்ணிக்கொண்டு இதில் இறங்காதீர்கள்.

8. யாருடைய கையில் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள்

மற்றப் பொறிகளில் விழுந்தால் நேரமும் பணமும் போகும். இதில் விழுந்தால் குடும்பமே போகலாம். ஆண்டவருக்குக் கொடுக்க வந்தவர்களைத் தங்கள் கைக்குள் வாங்கிக்கொள்கிற மனிதர்கள் உண்டு. வேலையை ராஜினாமா செய் என்று "தரிசனம்" சொல்வது, மாத்திரையை நிறுத்தச் சொல்வது, சொத்துப் பத்திரத்தையோ வங்கி அட்டையின் ரகசிய எண்ணையோ கேட்பது, வீட்டாரிடம் சொல்லாதே என்பது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். நல்ல வழிகாட்டி கேள்வி கேட்பார், கட்டளையிட மாட்டார். பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களோடு ஒத்துப் பார்த்த பெரோயா பட்டணத்தாரை அப்போஸ்தலர் நடபடிகள் மெச்சுகிறது. வேலை, திருமணம், சொத்து சம்பந்தப்பட்ட எந்தத் தீர்மானத்தையும் குறைந்தது 30 நாள் ஆறப்போட்டு, வீட்டார் ஒருவரிடமும், அந்த ஜெபக் குழுவைச் சேராத ஒருவரிடமும் கேட்டபின்பே செய்யுங்கள்.

அடி உதையைப் பொறுத்துக்கொள்வதும் ஒப்புக்கொடுத்தல் அல்ல. அப்படிச் சகித்துக்கொண்டிருக்கும் பெண்கள் 181 என்ற எண்ணையும், அவசரமானால் 112-ஐயும் அழைக்கலாம். உறக்கமும் பசியும் வாரக்கணக்கில் போய், வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால் அதை ஆவிக்குரிய சோர்வு என்று மட்டும் எண்ணி ஒதுக்காமல் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் பேசுங்கள். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இந்த ஊரில்தான் இருக்கிறது.

9. திரும்ப எடுத்துக்கொண்டால்

எடுத்துக்கொள்வீர்கள். நான் கைப்பேசியை ஒன்பதாம் நாளே படுக்கைக்குக் கொண்டுபோனேன், சம்பள ஏற்பாட்டை மூன்றாம் மாதம் நிறுத்தினேன், சுவரை ஊரில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், அண்ணன் இலைக்கு எதிர் இலையில் உட்கார்ந்திருந்தபோதே திரும்ப எடுத்துக்கொண்டேன். அதற்காகப் புது நோட்டு வாங்காதீர்கள், அடுத்த கன்வென்ஷன் வரை காத்திருக்கவும் வேண்டாம். அதே பக்கத்தில் இரண்டு பத்தி பிரியுங்கள்: இடது பக்கம் திரும்ப எடுத்த தேதி, வலது பக்கம் மறுபடி கொடுத்த தேதி. இரண்டுக்கும் நடுவே எத்தனை நாள் ஆகிறது என்பதை மட்டும் பாருங்கள். எனக்கு முதலில் 40 நாள், 50 நாள் ஆனது. இப்போது மூன்று நான்கு நாளில் முடிகிறது. மாதம் ஒரு முறை நோட்டைச் சபை ஐயரிடமோ வழிகாட்டியிடமோ காட்டுங்கள். நான் முதல் சனிக்கிழமை காலையில் காட்டுகிறேன், அரை மணி நேரத்துக்கு மேல் ஆவதில்லை.

என் 15-ஆம் பக்கத்தின் வலது பத்தியில் இதுவரை ஒன்பது தேதிகள் இருக்கின்றன. ஒன்பதாவது, போன செவ்வாய்க்கிழமை போட்டது.